ஓடுபாதையின் கிழக்கு முனை

ஹைதராபாத்
6.8.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்து எழுதுகிறேன். இங்கே நானும் அறைத்தோழி மதுவந்தியும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா?

இதைப் போனில் சொன்னால் அம்மாதான் கேட்டு உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவள் தனக்குப் பிடித்ததை மட்டும்தான் சொல்வாள். உங்களுக்குக் காது மந்தமானதில் இருந்து நம் வீட்டில் பாதிச் சேதி அவளோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

இங்கே கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே விமானிப் பயிற்சிக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தேன். கிடைத்தால் சொல்லலாம் என்று இருந்தேன். கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் இடம். ஜனவரியில் சேர வேண்டும். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வங்கிக் கடனுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

எனக்கு இந்த ஆசை எங்கே பிடித்தது என்று யோசித்தேன். நீங்கள்தான் காரணம். ஆயுத பூஜைக்கு விமான நிலையத்துத் தீயணைப்பு நிலையத்தில் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு வைத்திருப்பீர்கள். எனக்கு அப்போது ஏழு வயது. உங்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பொரி தின்றேன். எதிரே சென்னை விமானம் வந்து இறங்கியது. நீங்கள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். சக்கரம் தரையைத் தொட்டு, வேகம் தணிந்து, அது திரும்பும்வரை பேசவில்லை. அதன் மேல் உங்களுக்கு அவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். அன்றைக்கே எனக்கும் பிடித்துப்போனது.

பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்
இந்துப்ரியா


திருநகர்
19.8.2023

அன்பு மகள் இந்துவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நீ அனுப்பிய கவர் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி வெயிலுக்குத் தேவலை. காது அப்படியே இருக்கிறது. மெஷினை மாட்டினால் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது, மனிதர்கள் பேசுவது கேட்பதில்லை.

பின்பக்கத்து முருங்கை காற்றில் முறிந்து அடுத்த வீட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டது. நானும் அழகுபாண்டியும் அரைநாள் நின்று வெட்டினோம். அவன் ஓய்வு பெற்று டி. கல்லுப்பட்டிக்குப் போனபிறகும் வாரம் ஒருமுறை வந்துவிடுகிறான். வேலை பார்த்த காலத்தில் ஒரே வண்டியில் இருபது வருஷம் ஓடினோம், அந்தப் பழக்கம் விடவில்லை.

பெரியப்பா வெங்கடேஷ்பாபு சுங்குடிச் சேலைக் கடையை மகனிடம் விட்டுவிட்டார். உன்னைக் கேட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு
உன் அப்பா
சௌரிராஜன்


ஹைதராபாத்
17.9.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் எழுதுங்கள்.

முருங்கை விழுந்ததை இரண்டு முறை படித்தேன், நடுவில் எங்காவது என் விஷயம் இருக்கிறதா என்று. இல்லை.

போன வாரம் பெங்களூரில் மருத்துவப் பரிசோதனை முடிந்தது. கண், இருதயம், முதுகெலும்பு, எல்லாவற்றையும் நான்கு நாள் பார்த்தார்கள். காது பார்க்கும் டாக்டர், வீட்டில் யாருக்காவது காது கேளாமை உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு உண்டு, விமான நிலையத் தீயணைப்பு வண்டியில் முப்பது வருஷம் விமானச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவர் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அவர் இல்லாமல் எந்த விமானமும் இறங்க அனுமதி கிடையாது, தெரியுமா?" என்றார்.

எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். வங்கியில் கேட்கிறார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

உங்கள்
இந்து


திருநகர்
20.10.2023

அன்பு மகள் இந்துவுக்கு,

பெருமாள் புண்ணியத்தில் யாவரும் சௌக்கியம். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளை அடித்தோம், அதில் நாள் போய்விட்டது.

பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் கப்பலூரில் கம்பெனி வைத்திருக்கிறார். உன் படிப்புக்கு நல்ல வேலை போட்டுத் தருவாராம். திருநகரில் இருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். வீட்டுச் சாப்பாடு. இன்னொன்று, பரமக்குடியில் ஒரு வரன் வந்திருக்கிறது. நம் ஜனங்கள், நல்ல குடும்பம். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

நீ அனுப்பிய விண்ணப்பத்தை வெள்ளை அடித்தபோது எங்கே எடுத்து வைத்தோம் என்று தெரியவில்லை. தேடுகிறோம்.

குளிர் ஆரம்பிக்கிறது, தலையை நனைத்துக்கொண்டு வெளியே போகாதே.

உன் அப்பா
சௌரிராஜன்


ஹைதராபாத்
29.10.2023

அப்பாவுக்கு,

நலம் கேட்டு எழுதும் மனநிலையில் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?

விண்ணப்பம் தொலையவில்லை. பீரோவில், உங்கள் பழைய காக்கிச் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறதாம். அம்மா சொல்லிவிட்டாள். நீங்கள் அதைத் தினம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறீர்களாம்.

நீங்கள் என்னிடம் பொய் சொன்னதே கிடையாது. நான் பெண் என்பதாலா? அப்படியென்றால் அதையே எழுதுங்கள். பட்டுநூல்காரர் வீட்டில் பிறந்து தீயணைப்பு வேலைக்குப் போகிறானே என்று தாத்தா மூன்று மாதம் உங்களோடு பேசவில்லை என்று நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நீங்களே என்னிடம் இப்படி நடந்துகொள்வீர்கள் என்று நினைக்கவில்லை.

தீபாவளிக்கு வரவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இந்து


திருநகர்
25.11.2023

அன்பு மகள் இந்துவுக்கு,

இருவரும் நலம். நீ இல்லாத தீபாவளி சீக்கிரம் முடிந்துவிட்டது.

நீ பெண் என்பதால் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் இல்லை. நம் சௌராஷ்டிர பாஷையில் எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. தமிழில் எழுதும்போது வேறு யாருடைய கதையோ போல் இருக்கிறது. அதனால்தான் எழுதவாவது முடிகிறது.

மதுரைக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் வடக்கே ஒரு சின்ன விமானத் தளத்தில் இருந்தேன். அங்கே பறக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்ரீகுமார் என்று ஒருவன், கோயம்புத்தூர்க்காரன், இருபத்தொரு வயது. தமிழ் பேச ஆள் வேண்டும் என்று தினமும் எங்கள் நிலையத்துக்கு டீ குடிக்க வருவான். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். மேலே இருந்து பார்த்தால் எங்கள் சிவப்பு வண்டி மிளகாய்ப்பழம் போலத் தெரிகிறது என்பான்.

1996 மார்ச் மாதம். பகல் இரண்டு மணி இருக்கும். பக்கவாட்டில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் தனியாக ஓட்டி வந்தான். கிழக்கு முனையில் இறங்கும்போது இறக்கை தட்டி விமானம் கவிழ்ந்துவிட்டது. மணி அடித்தது. வண்டியை ஓட்டியவன் நான். கிழக்கு முனைக்கு மண்பாதைதான் குறுக்குவழி. அதில் போனேன். பாதி வழியில் ஒரு இரும்பு கேட். பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம், அவன் சாப்பிடப் போயிருந்தான். பின்னால் எடுத்து, திருப்பி, ஓடுபாதை வழியாகப் போனேன். ஒரு நிமிஷம் தாமதம். நாங்கள் போனபோது தீப் பிடித்துவிட்டது.

நான்தான் அவனை வெளியே இழுத்தேன். நினைவு இருந்தது. "அண்ணே, நான் சரியாத்தாண்ணே இறக்குனேன்" என்றான். "ஆமா தம்பி, சரியாத்தான் இறக்குன. நான்தான் லேட்டா வந்துட்டேன்" என்றேன். அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

விசாரணையில் காற்று காரணம் என்று எழுதினார்கள். கேட்டைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று காலை ரோந்து போகும்போது அந்தப் பூட்டைப் பார்த்தேன் இந்து. திறந்து வைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகு வேறு வேலை வந்தது, மறந்துவிட்டேன்.

ஒரு விமானம் இறங்கும்போது நான் பேச்சை நிறுத்துவது பிரியத்தால் இல்லை.

நீ நன்றாக ஓட்டுவாய். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கீழே என்னைப் போல ஒருவன் இருப்பானே, அவனை நினைத்துத்தான் கையெழுத்துப் போட முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


ஹைதராபாத்
10.12.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் எடுத்துப் படிக்கிறேன். இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், சிரித்தீர்கள், அவனியாபுரம் சாலை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி எனக்கு விமானம் காட்டினீர்கள். நான் கைதட்டிக் குதித்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

நான் சேரப் போவதில்லை. முப்பத்தொன்றாம் தேதி பள்ளிக்கு எழுதிவிடுகிறேன். உங்களுக்காக மட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஸ்ரீகுமாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன், ஒன்றும் தெரியவில்லை.

விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கப்பலூர் வேலையைப் பற்றி விசாரியுங்கள். பரமக்குடி மட்டும் வேண்டாம்.

உங்கள்
இந்து


திருநகர்
16.12.2023

இந்துவுக்கு அம்மா எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். உங்க அப்பா எப்படி இருக்கார்னுதான் தெரியல.

எனக்குக் கடுதாசி எழுதிப் பழக்கமில்லை, பேசற மாதிரியே எழுதுறேன். அப்பா பதினொண்ணாந்தேதி டி. கல்லுப்பட்டிக்கு, அழகுபாண்டி வீட்டுக்குப் போறேன், ரெண்டு நாள்ல வாரேன்னு சொல்லிட்டுக் கிளம்பினார். அஞ்சு நாளாச்சு, வரல. போன் அடிச்சா எடுக்கறதில்ல, காது கேட்டாத்தானே எடுப்பார். அழகுபாண்டிக்குப் போட்டேன். முதல்ல மழுப்பினான். அப்புறம், "அக்கா, அண்ணன ரயிலேத்தி விட்டது நான்தான். எங்கன்னு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நாலு சட்டை எடுத்துட்டுப் போயிருக்காரு, பயப்படாதீக"ன்னான்.

உன் கடுதாசி அவர் கிளம்பின பிறகுதான் அப்பா பேருக்கு வந்துச்சு. பயந்துபோய்ப் பிரிச்சேன். பிறகு பீரோவைத் திறந்து, உனக்கு அவர் எழுதின கடுதாசியோட நகலையும் படிச்சேன். எல்லாத்துக்கும் நகல் எடுத்து வைக்கிற மனுஷன். கல்யாணமான நாலாம் வருஷம் ரெண்டு மாசம் லீவு போட்டுட்டு வந்து வீட்டுக்குள்ளயே கிடந்தார். வேலை பிடிக்கலைன்னு நினைச்சேன். எங்க அம்மா வீட்ல போய், இவருக்குப் பொறுப்பில்லைன்னு அழுதேன். இருபத்தேழு வருஷம் கழிச்சு இப்ப தெரியுது.

பீரோவில உன் விண்ணப்பம் இல்லை.

சாரதாம்பாள்


(தபால் முத்திரை தெளிவில்லை)
17.12.2023

அன்பு மகள் இந்துவுக்கு அப்பா எழுதுவது.

நான் நலமாக இருக்கிறேன். நாக்பூர் வரை ரயில், அங்கிருந்து மூன்று மணி நேரம் பஸ். குளிர் அதிகம், மப்ளர் ஒன்று வாங்கிக்கொண்டேன். அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன், போனதும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

உன் பயிற்சிப் பள்ளி இருக்கும் ஊரில், ஒரு லாட்ஜில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் பழைய அடையாள அட்டையைக் காட்டினேன். முதலில் விடவில்லை. காது வேறு கேட்காது, இந்தியும் மறந்துவிட்டது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதியம் தீயணைப்பு வண்டி டிரைவர் டீ குடிக்க வெளியே வந்தார். பீமாராவ் என்று பெயர், ஐம்பது வயது இருக்கும். என் அட்டையைப் பார்த்ததும் நின்று சல்யூட் வைத்தார். அவரே மேலதிகாரியிடம் பேசி உள்ளே கூட்டிப்போனார்.

மூன்று நாளாகப் பார்க்கிறேன். வண்டி நன்றாக இருக்கிறது. டயர் புதிது. நுரைத் தொட்டி நிரம்பியிருக்கிறது. ஓடுபாதையின் இரண்டு முனைக்கும் என்னை ஏற்றிக்கொண்டு ஓட்டிக்காட்டினார். அங்கேயும் மண்பாதையில் ஒரு கேட் உண்டு. பூட்டு இல்லை, கொக்கி மட்டும்தான். ஏன் பூட்டவில்லை என்று சைகையில் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொக்கியைத் தூக்கி, வண்டி முட்டினாலே திறந்துகொள்ளும் என்று காட்டினார். அந்த இடத்தில் நின்று அவருக்கு ஸ்ரீகுமாரைப் பற்றிச் சொன்னேன். பாதி தமிழ், பாதி இந்தி, மிச்சம் கை. அவருக்குப் புரிந்தது. நேரில் ஒரு ஆளிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இதனால் ஆபத்தே கிடையாது என்று எழுத நான் வரவில்லை. காற்றை யாரும் பூட்டி வைக்க முடியாது.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ போக வேண்டும் என்று சொல்லவில்லை. உனக்கே பயமாக இருந்து வேண்டாம் என்றால் எனக்குச் சந்தோஷம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் என் பயத்தை நீ தூக்கிச் சுமந்துகொண்டு கப்பலூர் பஸ்ஸில் ஏறக் கூடாது.

நாளை கிளம்புகிறேன்.

உன் அப்பா
சௌரிராஜன்


ஹைதராபாத்
28.12.2023

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். அப்பா வந்து சேர்ந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போனிலேயே முழுசாகக் கேட்டது.

கடிதம் கிடைத்து ஐந்து நாளாகிறது. எனக்குப் பயம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. போகாமல் இருந்தால் அது போய்விடுமா என்று பார்த்தேன். போகாது, வேறு பெயரில் இருக்கும். நாற்பது வயதில் ஏதோ ஒரு அலுவலக ஜன்னலில் நின்று விமானத்தைப் பார்த்து நான் பாதியில் பேச்சை நிறுத்துவேன்.

இன்று காலை பள்ளிக்குச் சம்மதம் எழுதிவிட்டேன். வேலையை விட்டுவிட்டேன். ஊருக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன். அம்மா, அப்பாவைத் திட்டுவதை அதுவரை கொஞ்சம் மிச்சம் வை, நானும் பார்க்க வேண்டும்.

உங்கள்
இந்து


பயிற்சிப் பள்ளி விடுதி
19.5.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்ல சுகம். வெயில் நாற்பத்தைந்து டிகிரி. மதுரை வெயிலைத் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அம்மா அனுப்பிய புளியோதரைப் பொடி தீர்ந்துவிட்டது, பாதிக்கு மேல் தின்றது பக்கத்து அறைப் பெண்கள்.

நேற்றுக் காலை ஆறரை மணிக்கு முதல் தடவையாகத் தனியாகப் பறந்தேன். என்றைக்கு என்று உங்களிடம் வேண்டுமென்றே சொல்லவில்லை. பயிற்சியாளர் இறங்கிக் கதவைச் சாத்தியதும் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் பாடுபட்டேன். மேலே ஏறியதும் அது மறந்துவிட்டது. வேலை சரியாக இருந்தது. திரும்பும்போது இடது இறக்கைக்குக் கீழே முழு ஊரும், ஒரு ஏரியும், கேழ்வரகு நிறத்தில் காய்ந்த வயல்களும் தெரிந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. நம் பாஷையில் சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். இங்கே அதைப் பேச வேறு ஆள் இல்லை.

இறங்கினேன். கொஞ்சம் துள்ளியது, பிறகு சரியாக உட்கார்ந்தது. முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கியவரை நனைக்கும் வழக்கப்படி பிள்ளைகள் என் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் பீமாராவ் இல்லை. தலையைத் துவட்டிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அவர் அப்போதுதான் வண்டியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். நான் புறப்பட்டதில் இருந்து இறங்கும்வரை என்ஜினை ஓடவிட்டு, கதவைத் திறந்துவைத்து, வெளியே நின்றிருந்தாராம்.

மேஜையில் ஒரு கட்டு அஞ்சல் கார்டு இருந்தது. மேல் கார்டில் திருநகர் முகவரி, உங்கள் கையெழுத்தில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சங்கடமாகச் சிரித்தார். நான் சேர்ந்தால், சனிக்கிழமைதோறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு கார்டு போடும்படி சொல்லி டிசம்பரிலேயே கொடுத்துவிட்டு வந்தீர்களாம். என்ன எழுத, எனக்குத் தமிழ் தெரியாதே என்று கேட்டாராம். ஒன்றும் எழுத வேண்டாம், வெறும் கார்டு வந்தால் போதும் என்றீர்களாம். இதுவரை பதினெட்டு போட்டிருக்கிறார். "உங்கள் அப்பா எனக்கு இப்படி ஒரு வேலை கொடுத்ததில் இருந்து நான் ஒரு சனிக்கிழமைகூட லீவு எடுக்கவில்லை" என்றார்.

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

நேற்றுச் சனிக்கிழமை. அந்த வாரத்துக் கார்டில் நான் எழுதினேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்துவிடும். அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள்
இந்துப்ரியா


திருநகர்
27.5.2024

அன்பு மகள் இந்துவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன்.

நாங்கள் சுகம். கத்திரி வெயிலில் நேற்று ஒரு மழை பெய்து வாசலெல்லாம் குளிர்ந்துவிட்டது.

கார்டு வியாழக்கிழமையே வந்தது. அதில் நீ எழுதியிருந்தது இரண்டு வார்த்தைதான், "இறங்கிவிட்டேன் அப்பா" என்று. தபால்காரர் நல்லகாமன் வெறும் கார்டாகவே கொடுத்துப் பழகியவர், எழுத்து இருந்ததால் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "இன்னைக்கு எழுதிருக்கு சார்" என்று என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினார். அம்மா ஓடிவந்து வாங்கிப் படித்தாள். பிறகு பீரோவைத் திறந்து அந்தப் பதினெட்டு வெறும் கார்டையும் எடுத்து வெளியே வைத்தாள். நான் ஒளித்துவைத்திருப்பது அவளுக்கு முதலில் இருந்தே தெரிந்திருக்கிறது. என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுநாள் கோயம்புத்தூர் போய்விட்டு வந்தோம், இருவருமாக. ஸ்ரீகுமாரின் அண்ணன் விஸ்வேஸ்வரன் அங்கே இருக்கிறார். முகவரி இத்தனை வருஷமும் என்னிடம் இருந்தது. கேட் பூட்டியிருந்ததைச் சொன்னேன். நான் எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது, "கடைசியா அவன் என்ன பேசுனான்னு எங்களுக்கு யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க" என்று என் காதருகே வந்து கேட்டார். சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொன்னேன். பஸ் ஸ்டாண்ட்வரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

பீமாராவுக்கு எழுதிவிட்டேன், கார்டு போடுவதை நிறுத்தச் சொல்லி. மிச்சக் கார்டுகளை நீ வாங்கிக்கொள்.

ஏரி எந்தப் பக்கம் இருந்தது, எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று விவரமாக எழுது. இனிமேல் நீ எழுதினால் போதும்.

உன் அப்பா
சௌரிராஜன்